சந்தனத்தின் இரவல்

தன்னைத் தேய்த்துப் பிறர்க்கு மணம் தருவது சந்தனம் என்று முழங்காத மேடை நம்மிடையே அரிது. நாமும் கைதட்டுகிறோம். அந்தச் சந்தனம் மண்ணுக்கடியில் அண்டை மரத்தின் வேரை உறிஞ்சி வாழ்வது என்பதை மட்டும் எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை.

இது புதிய செய்தியன்று. கல்கத்தாவில் ஜான் ஸ்காட் 1871-லேயே இதை எழுதினார். சென்னை அரசின் தாவரவியலறிஞராயிருந்த பார்பர் சந்தனத்தின் உறிஞ்சு வேர்களை ஆராய்ந்து 1906, 1907-ஆம் ஆண்டுகளில் விரிவாக வெளியிட்டார்.

சந்தன வேர் அடுத்த செடியின் வேரைத் தொட்ட இடத்தில் சிறு மொட்டுப்போலப் புடைக்கிறது. புடைப்பு அவ்வேரை அட்டையாய்க் கவ்விக்கொள்ள, அதன் நடுவிலிருந்து ஆப்புப் போன்றதொரு திசு கிளம்பி, நொதிகளால் செல்சுவரை இளக்கி, நீர்க்குழாய் வரை சென்று சேர்கிறது. பிறகென்ன! நீரும் உப்புகளும் நைட்ரஜன் சத்தும் இந்தப் பக்கம் வரத் தொடங்குகின்றன. சந்தன இலைகளில் நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவையே இதில் பெரும்பங்கு வேலை செய்கிறது. இலை பச்சையாதலால் மாவுப்பண்டத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும். அரிசி சொந்தம், தண்ணீரும் உப்பும் இரவல்!

அம்மையார் கூந்தல் அப்படியன்று. இலையில்லை, பச்சையமும் பெயருக்குத்தான்; ஆகவே சமைத்த சோற்றையே எடுத்துக்கொள்கிறது. கோதுமைத் துருப்பூஞ்சையோ செல்சுவரைத் துளைத்து நுழைந்தும், உள்ளிருக்கும் சவ்வைக் கிழிக்காமல் உறைபோல் போர்த்திக்கொண்டு சர்க்கரையை உறிஞ்சுகிறது. செல் செத்தால் அதற்கும் உணவில்லை.

இம்மூன்றையும் ‘ஒட்டுண்ணி’ என்ற ஒரே வசைக்குள் அடைப்பது எனக்கு உடன்பாடன்று. சந்தனத்துக்கு மட்டும் அப்பெயரைச் சொல்லக் கூசுவதும் உடன்பாடன்று. அந்தக் கூச்சத்தால் நட்டம் உழவருக்கே.

கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும் சட்டம் திருத்தப்பட்டு, சொந்த நிலத்துச் சந்தனத்துக்கு நில உடைமையாளரே உரியவராயினர். அன்றுமுதல் நடும் ஆசை பெருகியிருக்கிறது. ஆனால் வேலியிட்டு, களை பறித்து, பக்கத்தில் ஒரு செடியும் இல்லாமல் தனியே நட்டால் சந்தனம் வெளிறிக் குன்றிப்போகும். நாற்றுப் பருவத்திலேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ உடன் வேண்டும். நிலத்தில் நட்டபின் சவுக்கு, புங்கம் போல நெடுநாள் நிற்கும் மரம் அருகே வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, வீட்டில் யாரேனும் சந்தன நாற்று வாங்கப் புறப்பட்டால், விலை பேசுமுன் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: அந்தப் பையில் துணைச்செடி எங்கே?