முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே ஒரு முகம்

2025 நவம்பர் 21 அன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் போய்விட்டது. அதன் காயப் பட்டியல் போகவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சாமல்பட்டியில் கிரானைட் உடைப்பவர்களும் ஓசூர் பட்டறைகளில் கிரைண்டர் பிடிப்பவர்களும் அதில் படிக்க வேண்டியவை இரண்டே வரிகள். ஒரு கண்ணில் பார்வை போய், விழி சிதையாமல் இருந்தால் சம்பாதிக்கும் திறனில் 30% இழப்பு. கண்ணே போய்விட்டால் 40%.

இருவருக்கும் மிஞ்சுவது ஒற்றைக் கண் பார்வைதான். அப்படியானால் கூடுதல் பத்து எதற்கு? முகத்துக்கு. முகம் சிதைந்தவனுக்கு வேலை கிடைப்பது கடினம் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால், ஊனமுற்றோர் மதிப்பீட்டு நெறிகளைப் பாருங்கள்: மறு கண் நன்றாக இருந்தால் ஒரு கண் இழந்தவருக்கு 30%தான். ஊனமுற்றோருக்கு உபகரணம் தரும் ஒன்றிய அரசுத் திட்டத்தின் வாசலோ 40%. கல் சில்லு தெறித்துக் கண்ணைப் பறிகொடுத்தவர் அந்த வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்.

சிதைந்த முகத்தைச் சரிசெய்யும் செயற்கைக் கண் வெறும் அழகுச் சமாச்சாரம் என்போர் அந்தப் பத்து சதவீதத்துக்குப் பதில் சொல்லட்டும். அதற்குமேல் அவர்களோடு பேச ஒன்றுமில்லை.

விஞ்ஞானம் எங்கோ போய்விட்டது. நிஜக் கண்ணின் பாவை வெயிலில் 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், இருளில் 8 மி.மீ. வரை விரியும்; செயற்கைக் கண்ணில் வரைந்த பாவை அசையாது. அதை அசைக்க 2010இல் கனடாவில் சூரிய மின்கலத்தோடு திரவப் படிகக் கருவிழி ஒன்றை வடிவமைத்தார்கள். 2017இல் பின்லாந்தின் டாம்பரேயில், வெளிச்சம் பட்டாலே தானாக வடிவம் மாறும் பொருளால் கருவிழி போன்ற அமைப்பையே செய்தார்கள். அருமையான வேலை. ஆனால், நீலக் கண்ணில்தான் பாவையின் அளவு பளிச்சென்று தெரியும். நம் கரும்பழுப்பு விழியில் எதிரே நிற்பவருக்கே அது சரியாகத் தெரியாது. நம்மவரைக் காட்டிக்கொடுப்பவை வேறு: வெளிறிய வெள்ளைவிழி, தொங்கும் இமை, மற்ற கண்ணோடு சேர்ந்து திரும்பாத பார்வை. ரெடிமேட் கண்ணின் குறைகள் இவை. குழியை அச்சு எடுத்து, மெழுகில் பொருத்திப் பார்த்து, நரம்பு வரைந்து செய்த கண்ணில் இவை பெருமளவு மறையும்.

அதற்கு வேண்டிய அக்ரிலிக் எது தெரியுமா? பல்செட் செய்யும் அதே பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கண்ணாடிக் கண் வரத்து நின்றபோது, அமெரிக்க ராணுவப் பல் மருத்துவர்கள் அதில்தான் கண் செய்தார்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் மாநிலத்தில் இது முடியாது என்பது சோம்பேறித்தனம். பாதிக்கப்பட்டவர் கூலிக்காரர் என்பதால் வந்த சோம்பேறித்தனம்.

பணமா? குவாரிக் குத்தகைதாரர்களிடம் வசூலித்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு அறை, அச்சு எடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், ஆண்டுக்கொரு முறை மெருகேற்றல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுக் கண். இதைச் செய்தால் ஒரே ஆண்டில் இந்த மாவட்டத்தில் ரெடிமேட் கண்ணோடு எவரும் வேலை கேட்டு நிற்க வேண்டியிருக்காது.