பூட்டிய அறையும் வந்த நிலமும்: ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ சிறுகதையைத் திணைநோக்கில் வாசித்தல்

முன்னுரை

பூட்டிய அறைக்குள் நிகழும் கொலையைப் பொருளாகக் கொண்ட கதை, திறனாய்வில் பெரும்பாலும் ஒரு புதிராகவே மதிப்பிடப்படுகிறது. கதவு உட்புறம் தாழிடப்பட்டிருக்கிறது, சாளரம் அடைக்கப்பட்டிருக்கிறது, கொலை எவ்வழியே உள்ளே வந்தது என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும் கதை தீர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இம்மதிப்பீடு போதுமானதன்று. எவ்வழியே என்பதைக் காட்டிலும், அவ்வழி எதற்காகத் திறக்கப்பட்டது என்பதே இன்றியமையாத வினா. ஆர்தர் கோனன் டாயில் 1892 பிப்ரவரியில் ஸ்ட்ராண்டு இதழில் வெளியிட்ட ‘ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ என்னும் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை இதற்குத் தக்க சான்று. 1927இல் தம் ஹோம்ஸ் சிறுகதைகளுள் சிறந்தவற்றை வரிசைப்படுத்தியபோது டாயில் இதற்கே முதலிடம் அளித்தார்.

அறையின் அமைப்பு

கதைக்களம் இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட எல்லையிலுள்ள ஸ்டோக் மோரன் என்னும் பழைய நாட்டுப்புற மாளிகை. அதன் உரிமையாளர் மருத்துவர் கிரிம்ஸ்பி ராய்லாட். அவருடைய மனைவி இறந்துவிட்டார். மனைவியின் முதல் மணத்தில் பிறந்த இரட்டையரான ஜூலியா, ஹெலன் இருவரும் அவருடன் வாழ்கின்றனர். மாளிகை வளாகத்தில் அவர் வளர்க்கும் சிவிங்கிப்புலியும் பபூன் குரங்கும் கட்டின்றி உலவுவதால், பெண்கள் இரவில் தம் அறைகளைப் பூட்டிக்கொள்வது வழக்கம். திருமணத்திற்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், ஓர் இரவு ஜூலியா தாழை நீக்கித் தள்ளாடி வெளியே வந்து விழுகிறார். புள்ளிகள் கொண்ட ‘பேண்ட்’ என்று ஏதோ கூறி உயிர்விடுகிறார். இரண்டாண்டுகளுக்குப் பின் ஹெலனின் திருமணம் உறுதியாகிறது. வீட்டைச் செப்பனிடுவதாகக் கூறி, அவரை இறந்த சகோதரியின் அறைக்கே மாற்றுகின்றனர்.

ஹோம்ஸ் அவ்வறையில் காண்பவை சில எளிய பொருள்கள்: எந்த மணியுடனும் இணைக்கப்படாத அழைப்புமணிக் கயிறு, வெளிக்காற்றை நோக்காமல் ராய்லாட்டின் அறையை நோக்கித் திறக்கும் காற்றுத்துளை, தரையோடு பிணிக்கப்பட்டு இடம்பெயர்க்க இயலாத கட்டில். ராய்லாட்டின் அறையில் இரும்புப் பெட்டகமும், ஒரு சிறு தட்டில் பாலும், சுருக்கிட்ட சாட்டையும் உள்ளன. காற்றுத்துளை வழியே அனுப்பப்படும் நச்சுப்பாம்பு கயிற்றின்வழி கட்டிலுக்கு இறங்குகிறது என்பதே புதிரின் விடை. உலகை நோக்கிய வழிகள் யாவும் அடைக்கப்பட்ட அவ்வறையில் பாதுகாவலரின் அறையை நோக்கிய வழி மட்டுமே திறந்திருக்கிறது.

இருவகைக் கண்டனங்கள்

இக்கதைமீது இருவகைக் கண்டனங்கள் எழுந்துள்ளன. முதலாவது, உயிரியல் சார்ந்தது. இந்தியாவின் மிகக் கொடிய பாம்பென்று ஹோம்ஸ் குறிப்பிடும் சதுப்புநில விரியன் எந்த உயிரியல் பட்டியலிலும் இல்லை. பால் வைத்தும் சீழ்க்கை ஒலித்தும் பாம்பைப் பழக்குதல் நடவாத செயல். இரண்டாவது, பின்காலனிய நோக்கிலானது. அமைதியான ஆங்கில மாளிகைக்குள் தீமை இந்தியாவிலிருந்தே வருவதாகக் காட்டி, காலனிய அச்சத்தைக் கதை வளர்க்கிறது என்பது அதன் சாரம். இரண்டும் உண்மையே. ஆயினும் இரண்டும் பாம்பிலேயே நின்றுவிடுகின்றன. பாம்பு எங்கிருந்து வந்தது என்று வினவுகின்றனவேயன்றி, வந்த இடத்தில் அது எதற்குப் பயன்பட்டது என்று வினவவில்லை.

வந்த நிலத்தின் பயன்

இவ்விடத்தில் தொல்காப்பிய அகத்திணையியல் ஒரு தெளிவைத் தருகிறது. ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராது வேறு நிலத்தில் வருமாயின், அவை வந்த நிலத்தின் பயனையே தரும் என்பது அங்குக் கூறப்படும் விதி. கருப்பொருளைப் பிறந்த மண்ணைக்கொண்டு மட்டும் பொருள்கொள்ளலாகாது. அது செயற்படும் மண்ணைக்கொண்டே பொருள்கொள்ள வேண்டும் என்பது இதனால் பெறப்படும். பூவுக்கும் புள்ளுக்கும் கூறியதை ஆங்கிலச் சிறுகதையின் பாம்புக்கு நீட்டுவது ஒப்புமை கருதியே. டாயிலுக்குத் திணைக்கோட்பாடு தெரியும் என்பது இதன் கருத்தன்று. சரியான வினாவை எழுப்ப இவ்விதி உதவுகிறது என்பதே கருத்து.

அவ்வினாவுக்குரிய விடை கதைக்குள்ளேயே உள்ளது. ராய்லாட் குடும்பம் இங்கிலாந்தின் மிகப் பழைய சாக்சன் குடிகளுள் ஒன்று. ஒருகாலத்தில் அதன் நிலங்கள் அண்டை மாவட்டங்கள்வரை பரந்திருந்தன. அடுத்தடுத்து வந்த நான்கு வாரிசுகளின் ஊதாரித்தனத்தாலும் பின்னர் வந்த ஒருவரின் சூதாட்டத்தாலும் அச்செல்வம் அழிந்தது. எஞ்சியவை சில ஏக்கர் நிலமும் அடமானத்தில் அமிழ்ந்த இருநூறாண்டுப் பழமையான வீடுமே. மனைவியின் உயிலே ராய்லாட்டைத் தாங்குகிறது. ஹோம்ஸ் அவ்வுயிலைப் பார்வையிட்டுக் கணக்கிடுகிறார். மனைவி இறந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 1100 பவுண்டாக இருந்த வருவாய், வேளாண் விளைபொருள்களின் விலைவீழ்ச்சியால் 750 பவுண்டுக்கு மேற்படாததாகிவிட்டது. மணமாகும் மகள் ஒவ்வொருவரும் 250 பவுண்டு கோரலாம். இருவரும் மணம்புரிந்தால் எஞ்சுவது 250 பவுண்டே.

கொலைக்கான காரணம் இக்கணக்கில்தான் உள்ளது. அதில் இந்திய மண்ணின் பங்கு ஏதுமில்லை. சரிந்த நிலவுடைமை, அடமானம், விளைபொருள் விலை, மணத்தோடு பிணைக்கப்பட்ட பெண்ணின் சொத்துரிமை ஆகிய அனைத்தும் ஆங்கில மண்ணுக்குரியவை. பாம்பு அயல்நிலக் கருப்பொருளாயினும் அது விளைத்த பயன் வந்த நிலத்தின் பயனே. ராய்லாட்டின் வெறித்தன்மையைக் கூறுமிடத்தும் ஹெலன் அது அக்குடும்ப ஆடவரின் பரம்பரைக் குணம் என்றே தொடங்குகிறார். வெப்பநாட்டு வாழ்வு அதனை மிகுவித்தது என்பது அடுத்து வருவதே. மூலத்தையும் துணைக்காரணத்தையும் கதை இவ்வாறு வரிசைப்படுத்தியிருக்க, வாசிப்புகள் அவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன.

பூட்டப்படாத வீட்டின் கொலை

கதையில் மூன்று சாவுகள் உள்ளன. ஜூலியாவின் சாவு புதிராகிறது. ஹோம்ஸின் பிரம்படிக்குச் சினந்து திரும்பிய பாம்பு கடித்து ராய்லாட் இறப்பது அப்புதிரின் முடிவாகிறது. மூன்றாவது சாவு காலத்தால் முந்தியது. கல்கத்தாவில் மருத்துவத் தொழில் செய்தபோது, வீட்டில் நிகழ்ந்த திருட்டுகளால் சினமுற்ற ராய்லாட் தம் இந்தியப் பணியாளரை அடித்தே கொல்கிறார்; மரண தண்டனைக்கு மயிரிழையில் தப்பிச் சிறையில் நெடுங்காலம் கழிக்கிறார். கதை இதற்கு ஒரு வாக்கியமே அளிக்கிறது. கொல்லப்பட்டவருக்குப் பெயரும் இல்லை. அங்கே பூட்டிய அறை இல்லை. கொன்றவர் யார் என்ற ஐயம் இல்லை. ஆகவே புதிரும் இல்லை. புதிரை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் வாசிப்பு இச்சாவைக் காண இயலாது. இந்தியாவிலிருந்து தீமை வந்ததாகக் கதை கூறுகிறது என்று கண்டிப்போரும், இந்தியாவுக்குச் சென்ற இத்தீமையைப் போதிய அளவு கருதவில்லை.

முடிவுரை

ராய்லாட் தாம் வளர்த்த ஆபத்தான பிராணியோடு கவனமின்றி விளையாடி இறந்தார் என்றே அரசின் விசாரணை முடிவுசெய்தது என்பதை வாட்சன் பதிவுசெய்கிறார். உயிலும் காற்றுத்துளையும் கட்டிலும் அம்முடிவில் இடம்பெறவில்லை; பழி முழுவதும் பாம்பின்மேல் எழுதப்பட்டது. பாம்பின் பிறப்பிடத்தோடு நின்றுவிடும் திறனாய்வு, தன்னை அறியாமலே அவ்விசாரணையின் முடிவைத்தான் வழிமொழிகிறது. துப்பறியும் புனைவைப் பொழுதுபோக்கென்று ஒதுக்காமலும், திணைக்கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்கே உரியதென்று வரையறுக்காமலும் தமிழாய்வு நெருங்குமாயின், இத்தகைய கதைகளில் கேட்கப்படாத வினாக்கள் இன்னும் பல கிடைக்கும்.