60 சதவீத மோட்சம்

சித்தர்களும் உபநிஷத்துகளும் சொன்னதை அமெரிக்க விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று நம் எழுத்தாள நண்பர்களில் சிலர் கொஞ்ச காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆதாரம், 2016இல் வெளியான இரண்டு ஆய்வுகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 51 பேர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேர். எல்லோரும் புற்றுநோயாளிகள், நோய் தந்த பயத்திலும் சோர்விலும் இருந்தவர்கள். கொடைக்கானல் காளானில் இருக்கிற அதே சைலோசைபினை அளவோடு கொடுத்து, கண்ணை மூடச்செய்து, சங்கீதம் போட்டு, பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் கழித்தும் பயமும் சோர்வும் தணிந்திருந்தன. இதை நான் மறுக்கவில்லை. சாகப்போகிறவனுக்குப் பயம் குறைந்தால் நல்லதுதான். இதை வைத்து நண்பர்கள் போடுகிற கோஷத்தைத்தான் சகிக்க முடியவில்லை.

நோயாளி கண்டது 'தரிசனம்' என்று எப்படித் தெரிந்தது? 30 கேள்விகள் கொண்ட ஒரு தாளால். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண். நான்கு பகுதிகளிலும் 60 சதவீதம் எடுத்தால் 'முழுமையான' மறைஞான அனுபவம். ஒன்றில் 59 என்றால் இல்லை. பரீட்சை எழுதி பாங்க் வேலைக்கு வந்தவன் நான். கட்-ஆஃப் என்பது எதை அளக்கும், எதை அளக்காது என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தாளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. டபிள்யூ. டி. ஸ்டேஸ் என்ற ஆங்கிலேயர் 1910 முதல் 1932 வரை இலங்கையில் சிவில் சர்வீஸ் அதிகாரி. பிறகு பிரின்ஸ்டனில் தத்துவப் பேராசிரியர். எல்லா மதங்களின் உச்ச அனுபவத்துக்கும் பொதுவான சாரம் உண்டு என்று வாதிட்டு 1960இல் அவர் எழுதிய நூலில், மாண்டூக்ய உபநிஷத்து முக்கியமான சாட்சி. 1962 புனித வெள்ளியன்று பாஸ்டனில் இறையியல் மாணவர்களுக்குச் சைலோசைபின் கொடுத்துப் பார்த்த வால்டர் பான்கே, தன் அளவுகோலைப் பெரும்பாலும் ஸ்டேஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். அதன் வாரிசுதான் இன்றைய 30 கேள்விகள். ஆக, நம் வீட்டு மரக்காலால் அளந்துவிட்டு, நெல்லும் நம் வீட்டுடையதுதான் என்கிறோம். இதில் நிரூபணம் எங்கே வந்தது?

கணக்கு வைத்திருப்பவர் படுக்கையில் கிடந்தால், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ரேகை வாங்கிப் பணம் கொடுக்க பாங்கில் விதி உண்டு. கை முடியாதவரென்றால் கால் விரல் ரேகை. அதிகாரியோடு நானும் போவதுண்டு. போன வருஷம் திருமுல்லைவாயிலில் ஒருவர். ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டே விஷயம் கேட்டார். 'எனக்கப்புறம் பென்ஷன் அவ பேருக்கு மாறிடுமில்ல, தம்பி?' பிறகு, 'ராத்திரி ஒரு மூணு மணி நேரம் தூங்கறதுக்கு ஏதாச்சும் இருக்கா?'

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கான பதில் இந்த நாட்டு வயல்களில் விளைகிறது. சட்டப்படி அபினி பயிரிடும் தேசம் இது. ஆனால் சைலோசைபினைத் தடைசெய்த அதே 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், மார்ஃபின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து காணாமல் போயிற்று. 2014இல் வந்த திருத்தம் லைசென்ஸ் விதிகளைத் தளர்த்தியது. டாக்டர்களின் பயத்தைத் தளர்த்தவில்லை. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் விடுதியைத் தொடங்கிய சிஸிலி சாண்டர்ஸ், சாகிறவனின் வலியில் உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் உண்டு என்றார். ஆனால் வேளை தவறாமல் மார்ஃபின் கொடுப்பதை அவர் ஆன்மாவுக்குக் கீழான காரியமாக நினைக்கவில்லை.

பென்ஷன் பற்றிய கேள்வியும் ஆன்மிகக் கேள்விதான் என்பது என் கட்சி. அதைப் 'பற்று' என்று மொழிபெயர்த்து, ஞானத்துக்கு இன்னும் பக்குவப்படாதவர் என்று மார்க் குறைக்கிற எவனும் நோயாளி பக்கத்தில் உட்காரத் தகுதியற்றவன். மருந்து கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, துணை இருப்பவனின் வேலை கேட்பது. பெயர் வைப்பதல்ல.

நம் விமர்சனத்தின் வியாதியும் இதுவே. கவிதையைப் படிக்குமுன்பே 'தரிசனம்' என்ற சொல் தயாராக இருக்கிறது. கவிஞன் அரிசி விலையைச் சொன்னாலும் அதில் பிரபஞ்சத்தைப் பார்த்துவிடுகிறோம். அரிசி விலை காணாமல் போய்விடுகிறது.

சித்தர்களுக்கு அமெரிக்காவில் சர்டிபிகேட் வாங்கித்தரும் நண்பர்கள், அதற்குமுன் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ நாலு மருந்துக்கடை ஏறி, மார்ஃபின் இருக்கிறதா என்று கேட்டுப்பார்க்கட்டும்.