கேள்வி நேரம்: விசிறிக்குக் கீழே சொட்டும் எண்ணெய்

'எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஃபைபர் படகும் இருக்கின்றன. படகில் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். கரையேற்றி வைத்தால் விசிறிக்குக் கீழே மணலில் எண்ணெய் சொட்டுகிறது. ஒரு மெக்கானிக், கியர் பெட்டியையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டினால் போதும் என்கிறார். கணவரும் மகனும் தினமும் கடலுக்குப் போகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?'

- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

இரண்டில் எதையும் செய்வதற்கு முன், சொட்டுவது கியர் ஆயில்தானா என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார்களில் புகை, விசிறியின் நடுப்பகுதி வழியாகத்தான் தண்ணீருக்குள் வெளியேறுகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் முழுதாக எரியாத எண்ணெயும் கரியும் அதே வழியில் வடியும். அது கறுப்பாக, நீர்த்து, எரிபொருள் வாடையுடன் இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, விரலில் இழுபடும். அதற்கே உரிய கந்தக நெடி அடிக்கும். மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, கீழே வெள்ளை அட்டை ஒன்றை ஓர் இரவு வைத்திருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, உள்ளே இருக்கும் ஆயிலின் நிலை. காலையில், மோட்டாரை அசைக்காமல், கியர் பெட்டியின் அடியில் உள்ள திருகை மட்டும் மெதுவாகத் தளர்த்த வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். அதுதான் முதலில் வரும். பிறகு மேல் திருகையும் கழற்றி, முழு ஆயிலையும் சுத்தமான பாத்திரத்தில் வடிக்கவும்.

* ஆயில் தெளிவாக இருந்து, அளவும் குறையவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை.
* தெளிவாக இருந்து அளவு குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. தண்ணீர் இன்னும் நுழையவில்லை.
* பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது.
* காந்தம் உள்ள திருகில் மாவு போன்ற இரும்புப் பொடி ஒட்டியிருப்பது சகஜம். நகத்தில் எடுக்கும்படி துண்டுகள் இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைய ஆரம்பித்துவிட்டது.

'ஊற்றி ஓட்டலாம்' என்பது ஏன் தவறு? ஓடும்போது கியர் பெட்டி சூடாகி, உள்ளே இருக்கும் காற்றும் ஆயிலும் விரிகின்றன. மோட்டாரை நிறுத்தியதும் கடல் நீரில் குளிர்ந்து சுருங்குகின்றன. அப்போது ஆயில் வெளியே வந்த அதே வழியில் உப்பு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. சிறிய மோட்டார்களில் மொத்த ஆயிலே பெரும்பாலும் அரை லிட்டருக்கும் குறைவுதான். அதில் கொஞ்சம் உப்பு நீர் கலந்தாலும் பேரிங் துருப்பிடித்துவிடும். பல்சக்கரம் உடைந்தால் இன்ஜின் ஓடும், விசிறி சுற்றாது. நடுக்கடலில் படகு நீரோட்டத்தின் போக்கில் போகும்.

கசிவைத் தேடும்போது செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், இரண்டு திருகுகளின் வாஷர்கள். நசுங்கிய பழைய வாஷரையே திரும்பப் போடுவதால் வரும் கசிவு ஏராளம். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட வேண்டும்.

இரண்டாவது, விசிறித் தண்டின் ஆயில் சீல். விசிறியைக் கழற்றினால், அதன் பின்னால் தங்கூசி நரம்பு சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது சூடாகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். நரம்பை எடுத்துவிட்டு, தண்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கவும். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீல் போட்டாலும் நிற்காது. தண்டையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, மேலிருந்து இறங்கும் தண்டின் சீல், கியர் மாற்றும் கம்பியின் சீல், பேரிங் கூட்டின் 'ஓ' ரிங். பாறையில் அடிபட்ட மோட்டாரானால் உறையில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றில் எது என்று உறுதியாகச் சொல்வது காற்றழுத்தச் சோதனை. ஆயிலை வடித்தபின் மேல் திருகுத் துளையில் அளவுமானி பொருத்தி, கைப்பம்பால் காற்றடித்து, கியர் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். தண்டுகளைச் சுற்றிப் பார்த்தால், குமிழி வரும் இடமே கசியும் இடம். அழுத்தம் கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. பொதுவாக 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரைதான். பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேரடியாக வைத்தால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் 'கியர் பெட்டியையே மாற்று' என்று சொல்பவரிடம், எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

புது சீல் போடும்போது பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொண்டு, அதே மாதிரி பொருத்த வேண்டும். ஆயிலை எப்போதும் கீழ்த் துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும், மேல் திருகை முதலில் மூடி, பிறகு கீழ்த் திருகைச் சட்டென்று மூடவும். தண்ணீர் கலந்திருந்த பெட்டியானால், சிறிது நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை ஆயில் மாற்றுவது நல்லது. அதன்பின் 100 மணி நேர ஓட்டத்துக்கு அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வாசகிக்கு முடிவாகச் சொல்வதென்றால்: ஆயில் பால் நிறமாகவோ இரும்புத் துண்டுகளுடனோ இருந்தால், சரிசெய்யும் வரை அந்த மோட்டாரோடு கடலுக்குப் போக வேண்டாம். வெறும் கசிவு என்றாலும் சீலை இந்த வாரமே மாற்றுங்கள். சீலுக்கும் கியர் செட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு.

'சேற்றுழவுக்குப் பிறகு பவர் டில்லர் சக்கர அச்சில் ஆயில் கசிகிறது. இதற்கும் சீல்தான் காரணமா?'

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பெரும்பாலும் ஆம். கடலில் தங்கூசி செய்வதை வயலில் வைக்கோலும் சாக்கு நூலும் செய்கின்றன. அச்சில் சுற்றியதை அன்றன்றே அறுத்தெடுக்க வேண்டும். சீல் மாற்றுவதற்கு முன் கியர் பெட்டியின் காற்றுத் துளை சேற்றால் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலிலும் ஆயில் கசியும். மறுநாள் காலை அடித்திருகைத் தளர்த்தி, முதலில் வருவது தண்ணீரா ஆயிலா என்று பார்ப்பது இதற்கும் பொருந்தும். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ கடற்கரையிலோ கொட்டாமல், கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.