கடல் உப்புன்னா அயோடின் இருக்கும்னு யார் சொன்னது?

1/ அனுமந்தையிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருத்தங்ககிட்ட, "வீட்ல என்ன உப்பும்மா?"ன்னு கேட்டேன். "நம்ம உப்பளத்துக் கல்லுப்புதான் டாக்டர், கலப்படமே இல்ல"ன்னாங்க பெருமையா. தப்பு அவங்க மேல இல்ல. "அயோடின் உப்பு கார்ப்பரேட் சதி"ன்னு வாட்ஸ்அப்பில் பரப்புறவங்க மேல.

2/ கடல்நீரில் அயோடின் உண்டு. ஆனா அது உப்பா விளையும்போது அதில் தங்குவது மிகச் சொற்பம். அதனாலதான் தனியா சேர்க்கிறோம்.

3/ கருவில் மூளை வளர தாயின் தைராய்டு ஹார்மோன் வேணும். அதுக்கு அயோடின் வேணும். பிரிட்டனின் சர்ரே, பிரிஸ்டல் பல்கலைக்கழகங்கள் சுமார் 1,000 தாய்மாரையும் அவங்க பிள்ளைகளையும் ஆராய்ந்து 2013-ல் சொன்னது: கர்ப்பத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் 8 வயதில் மொழித்திறன் சார்ந்த ஐக்யூவிலும், 9 வயதில் வாசிப்பிலும் பின்தங்கினாங்க.

4/ போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள், 2018-19 கணக்கெடுப்புப்படி: இந்தியா 76.3%, தமிழ்நாடு 61.9%. மாநிலங்களில் கடைசி நாமதான். வெட்கமா இல்லையா?

5/ அயோடின் இல்லாத உப்பை சாப்பாட்டுக்கு விற்கத் தடை இருக்கு. சாக்குல விற்பதையும் அதிகாரிகள் சோதிக்கணும். சிறு உப்பளக்காரங்களுக்கு அயோடின் கலக்க அரசு கைகொடுக்கணும்.

6/ கல்லுப்புதான் பிடிக்குமா? தாராளமா வாங்குங்க, அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்குது. பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சிட்டு வாங்குங்க.