மருந்தும் எல்லை தாண்ட வேண்டும்!

கட்டட வேலை, ஓட்டல் வேலை, செங்கல் சூளை என்று சித்தூருக்கும் திருப்பதிக்கும் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்குக் காசநோய் புதிதல்ல. அதே மனிதருக்கு எச்.ஐ.வி.யும் இருந்து, காசநோய்க் கிருமியும் வழக்கமான மருந்துக்கு அடங்காததாக இருந்துவிட்டால்? இந்தப் பேச்சை எடுத்தாலே குரலைத் தாழ்த்திவிடுகிறோம். உரக்கவே பேசுவோம்.

தென்னாப்பிரிக்காவில் டுகேலா ஃபெர்ரி என்னும் ஏழை வட்டாரத்தில், கடும் மருந்து எதிர்ப்புக் காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் மாண்ட செய்தி 2006-ல் வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட 44 பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அந்த 53 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்குமுன் காசநோய் மருந்தே தின்னாதவர்கள்! நெரிசலான ஆஸ்பத்திரியே நோயைத் தந்திருக்கிறது. "மாத்திரையை நிறுத்தினான், அனுபவிக்கிறான்" என்று ஏழையின்மேல் பழிபோடும் பெரியவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இன்று மருந்து இருக்கிறது. பெடாகுவிலின் சேர்ந்த ஆறுமாத மாத்திரை முறையை 2024-ல் இந்திய அரசு ஏற்றது, எச்.ஐ.வி. உள்ளவர்க்கும் அது உதவும். அம்மருந்தின் ஏகபோகத்தை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. எதிர்த்து மனுப்போட்டவர்கள் யார்? நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. காசநோய் மருந்தின் கொடுமையால் செவித்திறன் இழந்து மீண்ட இரு பெண்கள்!

ஆனால் இரண்டு நோய்க்கும் இரண்டு வாசலில் நிற்கவைத்தால் என்ன பயன்? எச்.ஐ.வி.க்குத் தரும் எஃபாவிரன்ஸ், பெடாகுவிலினின் வலுவைக் குறைத்துவிடும். ஒரு டாக்டர் தருவது மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் சளியில் கிருமி பலவேளை நுண்ணோக்கியில் தென்படாது. மரபணுச் சோதனையோ இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பைச் சொல்லிவிடும். 1915-லேயே ஆரோக்கியவரம் சானடோரியம் கண்ட மதனப்பள்ளிக்கு அருகில் வாழும் நாம், ஒரே கூரையின்கீழ் இரு சிகிச்சையும், தமிழில் விளக்கமும் கேட்பது பேராசையா?

நிக்ஷய் எண் நாடு முழுவதற்கும் ஒன்றே. திருப்பதியில் தொடங்கிய மருந்தைத் திருத்தணியில் தொடரலாம். மாதம் 1000 ரூபாய் சத்துணவுப் பணமும் உண்டு. பாங்குக் கணக்கில் வரும். எச்.ஐ.வி.யைக் காட்டி வேலையைவிட்டு நீக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேஸ்திரிகளுக்கும் இது தெரியட்டும்.

பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே ஆஸ்பத்திரியில் சொல்லி, மாற்றுச்சீட்டும் வழிக்கு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் சங்கத்தில் சொல்லுங்கள். தோழர்கள் உடன் வருவார்கள். பெயர் வெளியே போகாது.