படிக்கம் வைத்துக் குடிக்கிறார்கள்

நம் ஊர்க்காரர்களுக்குக் குடியைக் கற்றுக்கொடுத்தவன் பிரெஞ்சுக்காரன்தான் என்று பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். அலுவலகத்தில் டீ குடிக்கிற நேரத்தில் நானும் அப்படிப் பேசியவன்தான். இப்போது அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

மே மாதம் பிரான்சில் தூர் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, வூவ்ரேக்குப் போகலாம், திராட்சைத் தோட்டம் பார்க்கலாம்" என்றார். லுவார் ஆற்றங்கரையோரம் பத்துக் கிலோமீட்டர்தான். சின்ன வயதில் திக்தே எழுதும்போது 'விஞ்ஞ்', 'வந்தான்ழ்' என்று எழுதித் தப்பு வாங்கியவன் நான். திராட்சைத் தோட்டத்தையும் அறுவடையையும் சொல்லும் அந்த வார்த்தைகளுக்கு உரிய இடத்தை எழுபது வயதுக்கு மேல்தான் பார்த்தேன்.

அதுவரை நான் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. என் தம்பி நாற்பத்தாறு வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் கடைசி பதினோரு நாள் கூட இருந்தது நான்தான். மகளுக்கும் அது தெரியும். அதனால் "வேடிக்கை பாருங்கப்பா, போதும்" என்றாள்.

அங்கே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகைதான் கிடங்கு. வெளியே வெயில், உள்ளே கோடையிலும் குளிர். ஷெனேன் பிளான் என்ற ஒரே வகை வெள்ளைத் திராட்சையை வைத்துத்தான் பெரும்பாலும் அங்கே மது செய்கிறார்கள். துவர்ப்பாக, லேசான இனிப்பாக, தேன் மாதிரி, நுரை பொங்குவதாக என்று அதிலேயே பல தினுசு. நல்ல இனிப்புக்குக் கொடியிலேயே பூஞ்சணம் பிடித்துச் சுருங்கின பழத்தைப் பொறுக்கிப் பறிப்பார்களாம். நம் வீட்டில் அந்தப் பழம் குப்பைக்குத்தான் போகும்.

மேஜைமேல் ஒரு வாளி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். துப்புவதற்கு! எங்கள் தாத்தா திண்ணையில் வெற்றிலைக்கு வைத்திருந்த பித்தளைப் படிக்கம் ஞாபகம் வந்தது.

தண்டைப் பிடித்துக் கிளாஸைச் சுழற்றி, மோந்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, துப்பிவிடுகிறார்கள். வண்டி ஓட்டுகிற மாப்பிள்ளை ஒரு சொட்டும் விழுங்கவில்லை. ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே அங்கே வழக்கு.

துப்பலாம் என்று தெரிந்ததும் எனக்கும் தைரியம் வந்தது. முதல் வாய் புளிப்பு, முகத்தைச் சுளித்தேன். மூன்றாவதில் என்ன வாசனை என்று தோட்டக்கார அம்மாள் கேட்டார். பழுத்த கொய்யா என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். அவர் 'குவேன்' என்ற பழத்தின் பெயரைச் சொன்னார். அவர் கொய்யா மோந்ததில்லை, நான் குவேன் மோந்ததில்லை. கடைசியாகத் தேன் மாதிரி ஒன்று. அதில் ஒரு வாய் விழுங்கிவிட்டேன். மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் இப்படி அளவோடு இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டில் பதினாலு வயதுக்குக் கீழே மது கூடாது என்று 1956-இல் அவர்களே உத்தரவு போட வேண்டியிருந்தது. மது விளம்பரத்துக்குக் கடிவாளம் போட 1991-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். அங்கேயும் குடித்துச் செத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் கற்றுக்கொண்டோம் என்று நாம் சொல்வது பொய். கற்றிருந்தால் இந்தப் படிக்கத்தையும் சேர்த்து அல்லவா கற்றிருக்க வேண்டும்? நம் கடைகளில் நின்றபடியே ஒரே மடக்கில் கவிழ்க்கிறவனுக்கு என்ன வாசனை தெரியும்? மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிறவனையும் பார்த்திருக்கிறேன். ருசிக்காக அல்ல, மறக்கத்தான் குடிக்கிறான். என் தம்பியும் அப்படித்தான். பழியை மட்டும் கப்பல் ஏறிப் போனவன் தலையில் போடுகிறோம்.

ஊர் திரும்பியதும் தம்பி மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "காசு குடுத்து வாங்கித் துப்புவாங்களா பெரியப்பா?" என்று சிரித்தான். பேசும்போதே வாடை அடித்தது. வண்டிச் சாவியை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கொஞ்ச நேரம் சண்டை போட்டான். அப்புறம் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டுக் காலையில்தான் போனான்.